செஸ்லர் பார்க், ஜாயின்ட் டிரெயில்: இருவர் மட்டும் போகும் ஒருநாள் பாறை நடை

யூட்டா மாநிலத்தின் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்களில் பலர் மோவாப் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ‘ஐலண்ட் இன் த ஸ்கை’ பகுதியைக் காரிலேயே சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். தெற்கே இருக்கும் நீடில்ஸ் பகுதி அப்படிப்பட்டதல்ல. சாலையோரம் நின்று பார்க்க அங்கே அதிகமில்லை, இறங்கி நடந்தால்தான் உண்டு. அங்குள்ள நடைகளில் ஒரே நாளில் முடிக்கக்கூடியதும் பாறை வடிவங்கள் அத்தனையையும் ஒருசேரக் காட்டுவதும் செஸ்லர் பார்க் சுற்றுதான். யானைக்குன்று எனப்படும் எலிஃபண்ட் ஹில் அடிவாரத்தில் தொடங்கி, ஊசிப்பாறைகளுக்கு நடுவிலுள்ள புல்வெளியைச் சுற்றி, ஜாயின்ட் டிரெயில் என்ற பாறைப் பிளவுகளுக்குள் நுழைந்து, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்கிறது. மொத்தம் சுமார் 11 மைல், அதாவது பதினேழரை கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஓய்வையும் படம் எடுக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஆறு முதல் எட்டு மணி நேரம்.

தனித்தனியாகப் பார்த்தால் இதில் எந்த இடமும் பெரிய சோதனை இல்லை. கயிறு தேவையில்லை, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறும் இடமும் இல்லை. பாறையில் ஏறி இறங்குவது, மணலில் கால் புதைவது, நிழலில்லாத வெயில், வழிகாட்டும் கல்லடுக்குகளைத் தேடுவது என்று சின்னச் சின்னதாகச் சேர்ந்துகொண்டே போய்க் கடைசி மூன்று கிலோமீட்டரில்தான் கணக்குத் தெரிகிறது. தம்பதியாக இருவர் மட்டும் போகும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. ‘திரும்பிவிடலாம்’ என்று சொல்ல மூன்றாவது ஆள் இல்லை. ஒருவர் களைத்திருப்பார், மற்றவரின் ஆசையைக் கெடுக்க வேண்டாம் என்று வாய் திறக்கமாட்டார். வாய் திறக்காததால் அவர் நன்றாக இருக்கிறார் என்று மற்றவர் நடந்துகொண்டே இருப்பார். ஆகவே எங்கே, எந்த நிலையில் திரும்புவது என்பதை முதல்நாள் இரவே பேசி எண்ணிக்கையாக முடிவு செய்துகொள்ளுங்கள். இன்ன இடத்தில் இத்தனை மணி, இன்ன இடத்தில் இத்தனை லிட்டர் மிச்சம் என்று இருக்க வேண்டும். ‘பார்த்துக்கலாம்’ என்ற பேச்சு இங்கே உதவாது.

முதலில் கல்லைப் பற்றிக் கொஞ்சம். பாதை ஏன் இப்படி வளைகிறது, எங்கே கால் வழுக்கும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு கடல் திரும்பத் திரும்ப வற்றி, பிறகு நிரம்பி, கெட்டியான உப்புப் படுகையை விட்டுச் சென்றது. அதற்குப் பாரடாக்ஸ் படிவம் என்று பெயர். அதன்மேல் பின்னர் பெர்மியன் என்ற புவியியல் காலத்தில் படிந்ததுதான் இன்று நாம் நடக்கும் சீடர் மேசா மணற்கல். வெள்ளைப் பட்டைகள் கடலோரத்து மணல்மேடுகளிலிருந்து வந்தவை. சிவப்புப் பட்டைகள் கிழக்கிலிருந்த அன்கம்பாக்ரே மலைகள் கரைந்து ஓடிவந்த வண்டல். அடியிலுள்ள உப்பு பாரம் தாங்காமல் மெல்ல நகரக்கூடியது. கொலராடோ ஆறு பக்கத்தில் ஆழமாக அறுத்துப் பிடிமானத்தை எடுத்துவிட்டதால், மேலே இருந்த மணற்கல் அந்தத் திசையில் சரிந்து வரிசை வரிசையாக வெடித்தது. ஒரே திசையில் வெடித்த இடங்களில் நீண்ட சந்துகள் உண்டாயின. இரண்டு திசை வெடிப்புகள் குறுக்கே சந்தித்த இடங்களில் கல் கட்டம் கட்டமாகப் பிரிந்து, மழையும் பனியும் விளிம்புகளைத் தின்று, ஊசிகள் நின்றன. ஜாயின்ட் டிரெயில் அப்படிப்பட்ட ஒரு வெடிப்பின் அடித்தளம். ஊசிகளுக்கு இடையிலுள்ள கணவாய்களும் வெடிப்புகளே. அதனால்தான் பாதை எதிரே தெரியும் சுவரை நோக்கி நேராகப் போய், கடைசி நிமிடத்தில் ஒரு பிளவுக்குள் நழுவுகிறது.

போய்ச் சேருவது

மோவாபிலிருந்து 191ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே 40 மைல், பிறகு மேற்கே 211ஆம் எண் சாலையில் சுமார் 35 மைல். மான்டிசெல்லோ ஊரில் தங்கினால் தூரம் குறையும். 211இல் நியூஸ்பேப்பர் ராக் என்ற பாறைச் செதுக்கோவியத் தலம் வரும். அதைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம், காலையின் குளிர்ந்த மணி நேரத்தை அங்கே செலவழிக்க வேண்டாம். பூங்காவுக்குள் பெட்ரோல் கிடையாது. கைப்பேசிச் சிக்னலையும் எதிர்பார்க்காதீர்கள். நுழைவுக் கட்டணம் ஒரு காருக்கு ஏழு நாளுக்கு 30 டாலர் என்று இருந்து வருகிறது. கட்டண விதிகள் மாறக்கூடியவை, புறப்படும் முன் பூங்காவின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பகல் நடைக்குத் தனி அனுமதி தேவையில்லை, இரவு தங்குவதாக இருந்தால் தேவை.

பார்வையாளர் மையத்தைத் தாண்டி, முகாம் பகுதிக்குப் பக்கத்தில் பிரியும் சரளைச் சாலையில் சுமார் மூன்று மைல் போனால் எலிஃபண்ட் ஹில் வாகன நிறுத்தம். காய்ந்த நாளில் சாதாரணக் கார் போகும். எதிரே வருவது தெரியாத வளைவுகள் உண்டு, மெதுவாகப் போக வேண்டும். வாகன நிறுத்தத்துக்கு அப்பால் செங்குத்தாக ஏறும் வண்டித் தடம் நான்கு சக்கர இயக்கமுள்ள உயரமான வண்டிகளுக்கு மட்டுமே ஆனது. வரைபடச் செயலி அதிலேயே போகச் சொன்னாலும் போகக் கூடாது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நிறுத்துமிடம் சீக்கிரமே நிரம்பிவிடும். அங்கே கழிப்பறை இருக்கிறது, தண்ணீர் இல்லை. பார்வையாளர் மையத்திலோ முகாமிலோ நிரப்பிக்கொண்டுதான் வர வேண்டும். இதை மறந்தால் சரளைச் சாலையில் மறுபடி ஒரு போய்வரல்.

தண்ணீர்

பூங்கா நிர்வாகம் சொல்வது ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், கிட்டத்தட்ட நாலு லிட்டர். இருவருக்கு எட்டு. வழியில் நம்பி நிரப்பிக்கொள்ளும் ஊற்று எதுவும் இல்லை. ‘ஒருவர் தூக்கட்டும், மற்றவர் உணவையும் கேமராவையும் எடுத்துக்கொள்ளட்டும்’ என்று பங்கிடுவது வழக்கம், ஆனால் தண்ணீரில் மட்டும் அது தவறு. அவரவர் தண்ணீர் அவரவர் பையில் இருக்க வேண்டும். கல்லடுக்கைத் தேடி இருவரும் இரண்டு பக்கம் போகும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் வழி தவறும். தண்ணீரில்லாதவர் வழி தவறினால் சில மணி நேரத்திலேயே ஆபத்தில் சிக்கிவிடுவார். சுமையைச் சமன்செய்ய வேண்டுமானால் உணவு, மேல்சட்டை, முதலுதவிப் பொருள்களை வலுவானவர் பக்கம் தள்ளுங்கள்.

உறிஞ்சுகுழாய் வைத்த பைகள் வசதியானவைதான். ஆனால் எவ்வளவு மிச்சம் என்பது கண்ணுக்குத் தெரியாது, அதுதான் அவற்றின் குறை. இரண்டு லிட்டர் பையிலும் இரண்டு லிட்டர் பாட்டில்களிலுமாகப் பிரித்து வைத்தால் பை தீரும்போதே பாதி முடிந்தது என்று தெரிந்துவிடும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போவதும் நல்லதல்ல. வியர்வையில் உப்பு போய்க்கொண்டிருக்க, வெறும் நீர் இரத்தத்திலிருக்கும் சோடியத்தை இன்னும் நீர்த்துப்போகச் செய்யும். தலைவலி, குமட்டல், தடுமாற்றம் எல்லாம் வெப்பத்தளர்ச்சியைப் போலவே தெரியும். அதைப் பார்த்துவிட்டு இன்னும் தண்ணீர் கொடுத்தால் நிலைமை மோசமாகும். ஒரு லிட்டர் விட்டு ஒரு லிட்டருக்கு உப்புச்சத்துத் தூள் கலந்துகொள்ளுங்கள், அல்லது மணிக்கொரு முறை உப்புள்ள ஏதாவது சாப்பிடுங்கள். வறண்ட காற்றில் வியர்வை உடனே ஆவியாகிவிடுவதால் சட்டை நனைவதே இல்லை. எவ்வளவு இழந்தோம் என்று உடம்பு காட்டாது. தம்பதிகளுக்கு ஓர் உபரி எச்சரிக்கை: முதலில் வருவது எரிச்சல். காரணமில்லாமல் சண்டை வந்தால் இருவரும் நிழலில் உட்கார்ந்து தண்ணீரும் உப்பும் எடுத்துக்கொண்டு, பதினைந்து நிமிடம் கழித்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

திரும்பும் நேரத்துக்கும் காரில் தனியாக இரண்டு மூன்று லிட்டர் வைத்துவிடுங்கள்.

காலணி, பை

மணற்கல்லின் மேற்பரப்பு உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருப்பதால் காய்ந்திருக்கும்போது நல்ல பிடி கிடைக்கும். மென்மையான ரப்பர் அடிப்பாகமுள்ள இலேசான நடைக்காலணி போதும். கனமான தோல் பூட்ஸ் கல்லில் வளைந்து கொடுக்காது, பிளவுகளில் இடறும். பிடி போவதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது ஈரம். இரண்டாவது பாறைமேல் பரவியிருக்கும் தளர்ந்த மணல்: சாய்வான பாறையில் அதன்மேல் மிதித்தால், தரையில் சிந்திய கடுகின் மேல் கால் வைத்த கதைதான். மூன்றாவது பயத்தில் உடம்பைப் பாறைப் பக்கம் சாய்ப்பது. அப்போது எடை பாதத்தின் விளிம்புக்குப் போய்ப் பிடி குறைந்துவிடும். நேராக நின்று, முழுப் பாதத்தையும் ஊன்றி, எட்டுகளைச் சிறிதாக வைக்க வேண்டும். இறங்கும்போது முழங்காலைக் கொஞ்சம் மடக்கி வைத்துக்கொண்டால் போதும். உட்கார்ந்து நழுவி இறங்குவதிலும் வெட்கமில்லை, கால்சட்டைதான் தேயும்.

ஊன்றுகோல்கள் மணலிலும் வறண்ட ஓடைப்படுகையிலும் உதவும். பாறையில் கையை அடைத்துக்கொண்டு தொல்லை தரும், பிளவுக்குள் சுத்தமாகப் பயன்படாது. மடக்கிப் பைக்குள் வைக்கக்கூடியதாக, ஆளுக்கு ஒன்று போதும். சுளுக்கினால் இரண்டும் ஒருவரிடம் போகும்.

பையைப் பொறுத்தவரை அகலம்தான் பிரச்சினை. ஜாயின்ட் டிரெயிலில் சில இடங்களில் இரண்டு சுவருக்கும் நடுவே இரண்டடிகூட இருக்காது. பக்கவாட்டுப் பைகளில் பிதுங்கும் பாட்டில், வெளியே கட்டிய முக்காலி, சுருட்டிக் கட்டிய மேல்சட்டை எல்லாம் உரசிக் கிழியும் அல்லது சிக்கும். 20 முதல் 25 லிட்டர் அளவுள்ள ஒல்லியான பை நல்லது. உள்ளே வேண்டியவை: ஆளுக்கொரு ஹெட்லேம்ப் (ஒன்று போதும் என்று நினைக்காதீர்கள், இருட்டில் இறங்கும்போது இருவரும் ஒரே நேரத்தில் காலைப் பார்க்க வேண்டும்), காற்றுத்தடுப்பு மேல்சட்டை, காகித வரைபடம், கைப்பேசியில் இணையமில்லாமல் திறக்கும் வரைபடம், சார்ஜர் பேட்டரி, இழுவைக்கட்டுத் துணி (எலாஸ்டிக் பேண்டேஜ்), கொப்புளத்துக்கு ஒட்டும் துணிப்பட்டை, சப்பாத்திக் கள்ளியின் முள்ளை எடுக்கச் சாமணம். கண்ணுக்குத் தெரியாத பொடிமுள்ளைச் சாமணம் பிடிக்காது, ஒட்டும் பட்டையை அழுத்தி உரித்தால் பெரும்பாலும் வந்துவிடும். கார்ச் சாவி யாரிடம், எந்தப் பையில் என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எந்த மாதம்

ஏப்ரல், மே, செப்டம்பர் பிற்பாதி, அக்டோபர். பகல் இதமாக இருக்கும், இரவு குளிரும். ஒரே நாளில் 20 டிகிரி செல்சியசுக்கு மேல் ஏறி இறங்குவது இந்த உயரமான பாலையில் சாதாரணம், ஆகவே காலைக் குளிரைப் பார்த்துத் தண்ணீரைக் குறைக்கக் கூடாது. கோடையில் வெயில் 38ஐத் தாண்டும், கல்லும் கீழிருந்து அனலடிக்கும். அப்போது முழுச் சுற்று வேண்டாம், விடியற்காலையில் செஸ்லர் பார்க் பார்வையிடம்வரை போய்வருவதே புத்திசாலித்தனம். ஜூலை முதல் செப்டம்பர்வரை பிற்பகல் இடிமழை வேறு. குளிர்காலத்தில் கூட்டமில்லை. ஆனால் வெயில் படாத பிளவுகளிலும் பாறைப்படிகளிலும் உறைபனி வாரக்கணக்கில் கிடக்கும், காலணியில் மாட்டும் பல்பட்டை இல்லாமல் போகாதீர்கள். அக்டோபர் கடைசியில் மாலை ஆறரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், ஊசிகளுக்கு நடுவே அதற்கு முன்பே இருட்டும்.

பாதை

வாகன நிறுத்தத்திலிருந்து தொடக்கமே ஏற்றம். கல்லில் படிபோல் அமைந்த வழியாக மேல்தளத்துக்கு வந்ததும் தூரத்தில் ஊசிகள் வரிசையாகத் தெரியும். இந்த ஏற்றத்தில் வேகமாகப் போகத் தோன்றும், அடக்கிக்கொள்ளுங்கள். மெதுவாக நடப்பவர் முன்னால் போக வேண்டும். வேகமானவர் முன்னால் போனால், அவர் நின்று ஓய்வெடுத்து, மற்றவர் வந்து சேர்ந்ததும் கிளம்புவார். பின்னால் வருகிறவருக்கு ஓய்வே கிடைக்காது. நாளின் பாதிச் சண்டைகள் இதில்தான் பிறக்கின்றன.

சுமார் ஒன்றரை மைலில் (இரண்டரை கி.மீ. அளவில்) முதல் பிரிவு வரும். வழிகாட்டிப் பலகையில் தூரங்கள் போட்டிருக்கும். ஒவ்வொரு பலகையையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது எதிர்த்திசையில் எல்லாப் பிரிவும் புதிதாகத் தெரியும். பிறகு ஒரு குறுகலான பாறை இடுக்கைக் கடந்து எலிஃபண்ட் கேன்யன் படுகைக்கு இறங்க வேண்டும். 2.1 மைல் அளவில் படுகையில் அடுத்த பிரிவு. இடப்பக்கம் படுகையோடு ஏறினால் ட்ரூயிட் ஆர்ச். அது தனியாக ஒரு முழுநாள் நடை, கடைசியில் ஏணியும் செங்குத்து ஏற்றமும் உண்டு. இரண்டையும் ஒரே நாளில் சேர்க்கலாமா என்று பலர் யோசிப்பார்கள். வேண்டாம். படுகையைக் கடந்து எதிர்ப்பக்கம் ஏறுவது நம் வழி. மேல்பகுதியில் எங்காவது மழை பெய்தால் இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளம் வரலாம். கலங்கலாக ஓடும் நீரைக் கடக்கவே கூடாது. மேட்டில் உட்கார்ந்து காத்திருந்தால் சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

கடைசி ஏற்றம் ஊசிகளுக்கு நடுவிலுள்ள கணவாய்க்குச் செங்குத்தாகப் போகிறது. மேலே வந்தால் செஸ்லர் பார்க் பார்வையிடம், தொடக்கத்திலிருந்து 2.9 மைல். கண்ணெதிரே பரந்த புல்வெளி, அதைச் சுற்றிலும் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட தூண்கள். இதுவரை மட்டும் வந்து திரும்பினாலே 5.8 மைல் ஆகும், குறையொன்றும் சொல்ல முடியாத அரைநாள் நடை அது.

முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான். தூரத்தில் கால்பங்குக்குச் சற்று மேல் முடிந்திருக்கிறது. நாலு லிட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் யாராவது குடித்திருந்தால் முழுச் சுற்று வேண்டாம். இருவரில் யார் அதிகம் குடித்தாரோ அவருடைய கணக்குதான் கணக்கு. வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ பகல் பதினொன்றுக்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்தாலும் வேண்டாம். குதிகாலில் சூடு தெரிகிறதா என்று இங்கேயே காலணியைக் கழற்றிப் பார்த்துப் பட்டை ஒட்டிவிடுங்கள். கொப்புளம் வந்தபின் ஒட்டுவதில் பாதிப் பயன்தான்.

எந்தப் பக்கம் சுற்றுவது?

இங்கிருந்து சுற்று ஏறத்தாழ ஐந்து மைல், மறுபடி இதே இடத்துக்கு வந்து சேரும். இடப்பக்கம் போனால் புல்வெளியின் கிழக்கு ஓரமாகத் தெற்கே இறங்கி, ஜாயின்ட் டிரெயிலின் மேல்முனையில் நுழைந்து, மேற்கே வெளிவந்து, வண்டித் தடத்தில் கொஞ்ச தூரம் நடந்து, வடக்குப் பக்கமாகத் திரும்பலாம். வலப்பக்கம் போனால் இதுவே தலைகீழ்.

வெயில் நாளில் வலப்பக்கம் சிறந்தது. வண்டித் தடத்தின் மணலும் வடமேற்குப் பகுதியின் ஏற்றஇறக்கமும் காலையிலேயே முடிந்துவிடும். உச்சிவேளைக்குச் சரியாக நிழலும் குளிர்ச்சியுமான பிளவுக்குள் நுழையலாம். வெளியே வந்தபின் புல்வெளியோரச் சமதளம்தான் மிச்சம். வெயில் தணிந்த நாளில், அல்லது இருவரில் ஒருவருக்குச் சந்தேகம் இருக்கும் நாளில், இடப்பக்கம் போங்கள். எல்லாரும் பார்க்க விரும்பும் பிளவு முதலிலேயே வந்துவிடும், அதைப் பார்த்துவிட்டு வந்த வழியே சமதளத்தில் திரும்பலாம். மறுதிசையில் அந்தத் தப்பிக்கும் வசதி இல்லை. பிளவைப் பார்க்கும் நேரத்தில் சுற்றில் பாதி தாண்டியிருக்கும், முன்னே போவதும் பின்னே வருவதும் ஒன்றுதான்.

பிளவின் மேற்கு முனையில் வண்டிகள் வரும் ஓரிடமும் ஒரு கழிப்பறையும் உண்டு. ‘அங்கே வந்துவிட்டால் யாராவது ஏற்றிக்கொள்வார்கள்’ என்று கணக்குப் போடாதீர்கள். எலிஃபண்ட் ஹில் தடத்துக்குப் பகல் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே வரலாம், வருவதும் சொற்பம், வந்தாலும் அந்தத் தடத்தில் நடையைவிடப் பெரிதாக வேகமில்லை.

பிளவுக்குள்

மேல்முனையிலிருந்து வருகிறீர்கள் என்றால், பாறைமேல் நடந்துகொண்டிருக்கும்போதே தரை திடீரெனப் பிளந்து கீழே படிகள் இறங்கும். அடியில் மணல் தரை, இருபுறமும் செங்குத்துச் சுவர், மேலே கீற்றாக வானம். பல இடங்களில் சாதாரணமாக நடக்கலாம், சில இடங்களில் பக்கவாட்டில் திரும்பி நகர வேண்டும். அங்கே இருவராக இருப்பது உண்மையிலேயே உதவும். முதல் ஆள் பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையோடு கடக்கட்டும். பின்னவர் இரண்டு பைகளையும் தலைக்குமேல் நீட்டிக் கொடுத்துவிட்டு வரட்டும். பையை முதுகில் வைத்துக்கொண்டே திணித்து நுழைந்தால் பின்னால் எது சிக்குகிறது என்று தெரியாமல் இழுக்க நேரும், உறிஞ்சுகுழாய் பிய்ந்துவிட்டால் தண்ணீரும் போய்விடும். சிக்கிய கற்பாளங்களைத் தாண்டி இறங்கும் இடங்களில் கீழே நிற்பவர், இறங்குகிறவரின் இடுப்பைத் தாங்கத் தயாராக நிற்க வேண்டும். காலைப் பிடித்து இழுத்து ‘இங்கே வை’ என்று செய்யக் கூடாது, நிலை தடுமாறுவது அதனால்தான். கால் வைக்க வேண்டிய இடத்தை வாயால் சொன்னால் போதும். குறுகலான இடத்தில் எதிரே ஆள் வந்தால் அகலமான இடத்துக்குப் பின்வாங்குங்கள். நுழையும் முன் ஒரு குரல் கொடுத்தால் அந்த வேலை மிச்சம்.

மூடிய இடத்தைக் கண்டால் மூச்சுமுட்டும் ஆட்கள் நேர்மையாக முன்பே சொல்லிவிட வேண்டும். நடுவில் நின்று சமாதானம் பேசும் இடமல்ல அது.

ஜிபிஎஸ் பிளவுக்குள் தாறுமாறாகக் காட்டும். அதைப் பொருட்படுத்த வேண்டாம், பிளவில் வழி தவற இடமில்லை. வழி தவறுவது திறந்த பாறையில்தான். அங்கே பாதை என்று ஒன்று கிடையாது. சிறு கல்லடுக்கு ஒன்றிலிருந்து அடுத்ததைக் கண்ணால் பார்த்துப் போவதே வழி. அடுத்தது தெரியாவிட்டால் கடைசியாகப் பார்த்ததன் பக்கத்தில் ஒருவர் அசையாமல் நிற்க, மற்றவர் குரல் எட்டும் தூரத்துக்குள் அரைவட்டமாகத் தேடட்டும். இருவரும் சேர்ந்து ‘இப்படித்தான் இருக்கும்’ என்று நடந்துவிட்டால், திரும்பி வர ஓர் ஆதாரப் புள்ளிகூட இருக்காது. அகலமான மணல் ஓடைகள் உண்மையான பாதையைவிடப் பாதை மாதிரியே தெரியும். காலடித் தடங்களும் இருக்கும், அவையும் வழி தவறியவர்களுடையவையே. சுயமாகக் கல்லடுக்குக் கட்டுவது வேடிக்கையாகத் தோன்றலாம், அடுத்து வருகிறவரை அது பாறை விளிம்புக்குக் கூட்டிப்போகும்.

பாதையை விட்டு விலகுவதில் இன்னொரு சேதமும் இருக்கிறது. மணல்மேல் கருமையாக, சின்னச் சின்ன மேடுகளாகப் படர்ந்திருப்பது உயிருள்ள மண். சயனோபாக்டீரியா, பாசி, லைக்கன் எல்லாம் சேர்ந்து மணலைக் கட்டிப் பிடித்து, ஈரத்தைத் தேக்கி, நைட்ரஜனையும் சேர்க்கின்றன. ஒரு மிதி போதும் நொறுங்க, திரும்ப வளரப் பத்தாண்டுகள் பல ஆகும். ஓய்வெடுக்க வெறும் பாறையைத் தேர்ந்தெடுங்கள். பாறைக்குழிகளில் தேங்கிய நீரில் கை கழுவாதீர்கள். நாம் பூசும் சன்ஸ்கிரீன் எண்ணெய் அதில் வாழும் சிறு இறால் வகைகளைக் கொல்லும். செஸ்லர் பார்க்கில் பாறை நிழலில் ஒரு பழைய மாட்டுக்காரர் முகாம் இருக்கிறது. பூங்கா 1964இல் அமைவதற்கு முன்பு இந்தப் புல்வெளி மேய்ச்சல் நிலம். துருப்பிடித்த டப்பாக்களைத் தொடாமல் பார்த்துவிட்டு வர வேண்டும். நாய்க்குப் பாதையில் அனுமதியில்லை, ட்ரோனுக்கும் இல்லை. பயன்படுத்திய கழிவுத்தாளைப் புதைக்காமல் மூடிய பையில் எடுத்து வர வேண்டும், வறண்ட மண்ணில் அது மக்காது.

ஒருவருக்கு அடிபட்டால்

இரண்டே பேர் இருக்கும்போது இது கடினமான கணக்கு. கணுக்கால் சுளுக்கி, எடை ஊன்ற முடிகிறது என்றால் காலணியைக் கழற்றாமல் அதன்மேலேயே இழுவைத்துணியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, இரண்டு ஊன்றுகோலோடு குட்டையான வழியில் திரும்புங்கள். கழற்றினால் வீங்கி மறுபடி நுழையாது. ஊன்றவே முடியவில்லை என்றால், செயற்கைக்கோள் தொடர்புக் கருவியோ அந்த வசதியுள்ள கைப்பேசியோ இருந்தால் வானம் தெரியும் இடத்தில் செய்தி அனுப்பிவிட்டு இருவரும் சேர்ந்தே இருக்கலாம். பிளவுக்குள்ளிருந்து செய்தி போகாது. இந்தக் கருவியை வாடகைக்காவது எடுத்துக்கொள்வது இருவராகப் போகிறவர்களுக்கு அவசியம் என்றே சொல்லலாம். எதுவும் இல்லையென்றால் அடிபட்டவரை நிழலில், காற்றுப்படாத இடத்தில் அமர்த்தி, எல்லா மேல்சட்டைகளையும் பெரும்பகுதித் தண்ணீரையும் அவரிடம் கொடுத்து, இடத்தை வரைபடத்தில் குறித்துப் படமெடுத்துக்கொண்டு, மற்றவர் செஸ்லர் பார்க் பார்வையிடம் பக்கமாகப் போக வேண்டும். நடப்பவர்கள் அதிகம் வருவது அங்கேதான். போகிறவர் ஓடக் கூடாது, அவரும் விழுந்தால் தேடுவதற்கு ஆளில்லை.

ஆகவே புறப்படும் முன் ஊரிலிருக்கும் ஒருவரிடம் பாதையின் பெயர், கார் எண், எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் பூங்கா அலுவலகத்தை அழைக்க வேண்டும் என்பதை எழுத்தில் அனுப்பிவிடுங்கள். பூங்காவுக்குள் சிக்னல் இருக்காது என்பதால் அந்த நேரத்தை மாலை முடிவுக்கு மேல் இரண்டு மூன்று மணி நேரம் தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் சாவகாசமாகக் காரில் வந்துகொண்டிருக்கும்போது அங்கே தேடல் தொடங்கியிருக்கும்.

இடி கேட்டால் புல்வெளி நடுவிலும் தனித்து நிற்கும் ஊசியின் அடியிலும் நிற்காதீர்கள், உயரமான விளிம்பிலிருந்து இறங்கிவிடுங்கள். பாறை நனைந்துவிட்டால் சாய்வான பரப்பில் இறங்க அவசரப்பட வேண்டாம். வெயில் வந்தால் மேற்பரப்பு விரைவில் காயும். ஆனால் மணற்கல்லின் உட்பகுதி ஈரமாகவே இருக்கும், அப்போது அதன் வலுவும் குறையும். மழைக்கு மறுநாள் விளிம்புகளையும் மெல்லிய பாளங்களையும் கைப்பிடியாக நம்பி எடையைத் தொங்கவிடக் கூடாது.

திரும்பும்போது பார்வையிடப் பிரிவில் கவனம் தேவை. சுற்றை முடித்துவிட்டுப் பேசிக்கொண்டே வருகிறவர்கள் இறங்கும் வழியைத் தாண்டிச் சுற்றிலேயே மறுபடி நடப்பது உண்டு. காலையில் எடுத்த பலகைப் படம் இங்கே உதவும். எலிஃபண்ட் கேன்யனிலிருந்து ஏறிவரும் அந்தச் சின்ன ஏற்றம் காலையில் இறக்கமாக இருந்ததால் நினைவிலேயே இருந்திருக்காது. அதற்கென்று அரை லிட்டரும் ஏதாவது இனிப்பும் ஒதுக்கி வையுங்கள்.

காருக்கு வந்ததும் மணலைத் தட்டிவிட்டு, கால் வீக்கம் பார்த்து, பத்து நிமிடமாவது உட்கார்ந்துவிட்டு ஓட்டுங்கள். யார் ஓட்டுவது என்பதையும் காலையிலேயே பேசி வைத்திருப்பது நல்லது. 211ஆம் எண் சாலையில் மாலையில் மான்கள் குறுக்கே பாயும், வேலியில்லாத மேய்ச்சல் நிலம் என்பதால் கறுப்பு மாடுகள் சாலை நடுவிலேயே நிற்கும். நெடுஞ்சாலைவரை 35 மைலையும் வேகத்தைக் குறைத்தே ஓட்டுங்கள். சிக்னல் வந்த முதல் இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, காத்திருப்பவருக்குச் செய்தி அனுப்பிவிடுங்கள்.